கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற அரசு ஆஸ்பத்திரியில் வழி உண்டா?

கீழக்காற்று | திங்கள், இரவு 9.40

அம்மாவுக்கு 61 வயது. இடது பக்கம் கீழே கடைவாய்ப் பல்லில் மூன்று வாரமாக வலி. முதலில் கிராம்பை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார், அப்புறம் கிராம்புத் தைலம், அப்புறம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரை. படுத்தால் வலி கூடுகிறது என்று திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் நாற்காலி இருக்கிறது. டாக்டர் வாரத்தில் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார், மற்ற நாளில் வேறு நிலையம். போன செவ்வாய் அம்மாவைக் கூட்டிப் போனேன். நாற்காலி மேல் பச்சைத் துணி போர்த்திக் கிடந்தது. டாக்டரம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாக டார்ச் அடித்துப் பார்த்தார், கம்பியின் பின்பக்கத்தால் பல்லை ஒரு தட்டு தட்டினார், அம்மா துள்ளிவிட்டார். "பல் ஆடவில்லை, ரூட் கெனால் பண்ணினால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் இங்கே கம்ப்ரஸர் போய் அஞ்சு மாசம் ஆச்சு. என்னால பிடுங்கத்தான் முடியும். பிடுங்கட்டுமா?" என்றார்.

அம்மா உடனே வாயைத் திறந்துவிட்டார். நான்தான் வேண்டாம் என்று எழுப்பிக்கொண்டு வந்தேன். வீடு வரும்வரை திட்டு.

டவுனில் தனியார் கிளினிக்கில் விசாரித்தேன். ரூட் கெனால் 4,500, அதுக்கு மேல் கேப் 4,000இல் தொடங்குகிறது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், நான் ஜவுளிக் கடையில் நிற்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவில் இருக்கிறது. அதில் இது வருமா? வராது என்றால் இலவசமாக எங்கே செய்வார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நேர்கோடு | திங்கள், இரவு 10.05

61 வயதில் ஒரு பல்லுக்காக எட்டாயிரமா? பிடுங்கிவிட்டு வேலையைப் பாருங்கள். எங்கள் தாத்தா பல்லே இல்லாமல் 90 வரை கறி தின்றார்.


தூரத்துச்சொந்தம் | திங்கள், இரவு 10.11

கீழ்ப் பல்தானே, பிடுங்கலாம். மேல் பல் என்றால் தொடக் கூடாது, கண் பார்வை போய்விடும். எங்கள் சித்திக்கு அப்படித்தான் ஆனது.


கொறடு | திங்கள், இரவு 11.20

பல் டாக்டர்தான். மூன்றரை வருஷம் ஒப்பந்தத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துவிட்டு, இப்போது சின்னதாகச் சொந்த கிளினிக் வைத்திருக்கிறேன்.

தூரத்துச்சொந்தம், பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. உங்கள் சித்திக்கு அந்த வயதில் கண்புரையோ சர்க்கரையோ இருந்திருக்கும், பல் பிடுங்கியதும் அதே காலத்தில் நடந்திருக்கும். இந்தப் பேச்சை நம்பி மேல் பல்லில் சீழ் வைத்துக்கொண்டு, கன்னம் வீங்கி, கண்ணே மூடிப்போய் வந்து நின்றவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கீழக்காற்று, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காப்பீட்டில் வராது. ஐந்து லட்சம் வரை என்று அட்டையோடு சொல்வார்களே, அது ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்கிற பெரிய சிகிச்சைகளுக்கு. வாய்ப் பக்கம் என்றால் தாடை எலும்பு முறிவு, தாடையில் கட்டி, உதடு அண்ணப் பிளவு, வாய்ப் புற்று, இந்த மாதிரிதான். சொத்தை அடைப்பது, ரூட் கெனால், கேப், பல் செட் எதுவும் கிடையாது. பைக்கில் விழுந்து தாடை உடைந்தால் அரசு பார்த்துக்கொள்ளும், அதே தாடையில் இருக்கும் பல் சொத்தையானால் உங்கள் பாடு.

கம்ப்ரஸர் கதைக்கு வருவோம். வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். பல்லைக் குடைகிறோமே, ஏரோட்டார், அது காற்றில் ஓடுகிறது. நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல். காற்று நின்றால் அந்த நாற்காலி சலூன் நாற்காலிதான். சொத்தையைச் சுத்தம் பண்ண முடியாது, ரூட் கெனாலுக்குப் பல்லைத் திறக்க முடியாது. ஆனால் கொறடுக்குக் கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம். ஒரு மரத்துப்போகும் ஊசி, ஒரு கொறடு, கொஞ்சம் பஞ்சு போதும், பல் வெளியே வந்துவிடும். என் பேரை ஏன் இப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். என் நிலையத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் கொறடு மட்டும்தான் பிடித்தேன்.

அது ஏன் கெட்டுப்போகிறது தெரியுமா? காற்றை அமுக்கினால் தண்ணீர் பிரிந்து தொட்டியின் அடியில் தேங்கும். சாயங்காலம் அடியில் இருக்கும் திருகைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர், உதவியாளர் பதவி காலி, துப்புரவு அக்காவுக்கு அதைத் தொடவே பயம். தண்ணீர் நின்று நின்று உள்ளே துருப் பிடித்து, ஒரு நாள் துருத் தண்ணீரைக் குழாயில் துப்பிவிட்டு நின்றுவிடும்.

நேர்கோடு சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினால் கதை அதோடு முடியாது. பின்னால் இருக்கும் பல் அந்தப் பள்ளத்துக்குள் சாயும், எதிரே மேல் பல் கீழே இறங்கும், இடுக்கில் சோறு மாட்டும், அந்த இரண்டும் சொத்தையாகும். சில வருஷம் கழித்து அதே ஆள் அதே நாற்காலியில். நான் ஒரு பல் பிடுங்கினேன் என்று பதிவேட்டில் எழுதியது உண்மையில் மூன்று.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? உங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதா? அங்கே பல் பிரிவு இருக்கும், பெரும்பாலும் ரூட் கெனால் செய்வார்கள். அதுவரை வலிக்கு அந்த மெடிக்கல் மாத்திரையைத் தொடர வேண்டாம், பேரைச் சொல்லுங்கள். கன்னம் வீங்கினாலோ வாய் திறக்க முடியாமல் போனாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.


கீழக்காற்று | செவ்வாய், காலை 6.50

நன்றி டாக்டர். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, இரண்டு பஸ் மாற வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் இல்லை, அதற்கப்புறம் புறநகர்ப் பேருந்தில் உண்டு. எனக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்?


கொறடு | செவ்வாய், காலை 7.30

மூன்று தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் திறந்து, அழுகிய நரம்பை எடுத்து, மருந்து வைத்து மூடுவார்கள், அன்றைக்கே வலி பெரும்பாலும் போய்விடும். அங்கேதான் ஆபத்து. வலி போனதும் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். அந்தத் தற்காலிக அடைப்பு கொஞ்ச நாளில் கரைந்து, பல் உள்ளே ஓட்டையாகி, ஒரு நாள் வேர்க்கடலை கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். அப்புறம் பழையபடி கொறடுதான்.


ஓய்வூதியன் | செவ்வாய், காலை 10.15

அம்மா நலமடையட்டும். நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 74. பல் செட் அனுபவம் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. வெகுகாலம் தமிழ்நாட்டுக்கே அரசுப் பல் கல்லூரி என்றால் அது ஒன்றுதான். இப்போது சிதம்பரத்தில் இருந்ததை அரசு எடுத்துக்கொண்டது, புதுக்கோட்டையில் 2023இல் புதிதாக வந்தது, ஆக மூன்று. மற்றதெல்லாம் தனியார்.

எனக்கு மேல் வரிசை முழுக்கப் போய்விட்டது, கீழே நான்கு முன்பல் மட்டும். ஒரு நாள் வாயில் மாவு மாதிரி ஒன்றை வைத்து அளவு எடுத்தார்கள், வாந்தி வராமல் இருக்க மூக்கால் மூச்சு விடச் சொன்னாள் அந்தப் பெண், என் பேத்தி வயது இருக்கும். இன்னொரு நாள் மெழுகுக் கட்டையைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்த்தார்கள். அப்புறம் ஒரு நாள் மெழுகிலேயே பல்லைப் பதித்துப் போட்டுப் பார்த்தார்கள், கண்ணாடியைக் கையில் கொடுத்து "தாத்தா, சிரிங்க" என்றாள், ஆறு வருஷமாகச் சிரிக்காத சிரிப்பு, எப்படிச் சிரிப்பது என்றே மறந்துவிட்டது. நாலாவது நாள் செட் கைக்கு வந்தது. ஐந்தாவது தடவை, ஈறில் உராய்ந்த இடத்தைச் சீவிவிட.

ஒருவரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. ஆனால் ஐந்து தடவை. நான் சென்னையில் மகன் வீட்டில் இருந்ததால் முடிந்தது. என்னோடு அளவு எடுத்துக்கொண்டவர் ஒருவர் கள்ளக்குறிச்சிப் பக்கம். மெழுகு வைத்துப் பார்த்த நாளோடு சரி, அப்புறம் அவரைக் காணவில்லை. அவருடைய பல் அங்கே எங்கேயோ மெழுகிலேயே இருந்திருக்கும்.


நேர்கோடு | செவ்வாய், மதியம் 1.02

எல்லாம் சரி, ஆனால் அரசு எதைத்தான் இலவசமாகக் கொடுக்கும்? தினமும் இரண்டு தடவை பல் துலக்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. பல் துலக்காதவனுக்கு என் வரிப் பணத்தில் ரூட் கெனாலா?


ஒகேனக்கல்_தண்ணி | செவ்வாய், மதியம் 2.40

நேர்கோடு, நான் தர்மபுரி மாவட்டம், 1994இல் பிறந்தவள். இரண்டு தடவை துலக்கினேன், மூன்று தடவை துலக்கினேன், சாம்பல், உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தேன். என் பல் காப்பிக் கறை நிறம். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள் இருக்கும்போதே கெட்டுவிடுகிறது. எந்த பிரஷ் அங்கே போய்த் தேய்க்கும்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன், இப்போது இருக்கும் குழந்தைகளுக்கு அந்தக் காவிரித் தண்ணீர். ஆனால் பல்லின் வெளிப்பூச்சு எட்டு வயதுக்குள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுகிறது. தண்ணீர் வந்தபோது எனக்கு 19. எங்கள் தலைமுறைக்கு யார் பதில்? ஒரு அரசு ஆஸ்பத்திரியில் கேட்டேன், கறையை மறைக்கிற மாதிரி ஏதாவது செய்வீர்களா என்று. "அது அழகுக்குச் செய்றது, இங்கே இல்லம்மா" என்றார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டுக்காரர்கள் புகைப்படத்தில் நான் ஏன் வாயை மூடியிருக்கிறேன் என்று கேட்டார்கள். என் பத்தாம் வகுப்புக் குழுப் படத்தை எடுத்துப் பாருங்கள், 38 பேர், ஒருத்திகூட பல் தெரியச் சிரித்திருக்க மாட்டாள். போட்டோ எடுத்தவர் வெளியூர்க்காரர், "ஏன்ம்மா எல்லாரும் சண்டை போட்டுட்டு வந்தீங்களா" என்றார்.


நேர்கோடு | செவ்வாய், மதியம் 3.15

அது வேறு விஷயம், மன்னிக்கவும். தண்ணீரால் வந்ததற்கு அரசுதான் பொறுப்பு. நான் சொன்னது பொதுவாக.


சாக்பீஸ் | செவ்வாய், மாலை 5.30

பொதுவாகவே பார்ப்போமே. நான் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி ஆசிரியை. வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிச் சிறார் நலத்திட்ட வண்டி வரும், டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர். எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, கண், காது, தோல், பல் எல்லாம் பார்ப்பார்கள். சொத்தை இருந்தால் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், இன்ன ஆஸ்பத்திரிக்குப் போ என்று. திட்டம் வந்து பல வருஷம் ஆகிவிட்டது, பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. சீட்டுக்கு அப்புறம்தான் ஒன்றும் இல்லை. போன வருஷம் என் வகுப்பில் 27 பிள்ளைகளில் 11 பேருக்குச் சீட்டு. ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். இரண்டு பேர் போயிருந்தார்கள். ஒரு பையன் அந்தச் சீட்டில் ராக்கெட் செய்து என் மேஜை மேலேயே விட்டான்.

பெற்றோரைத் திட்ட எனக்கு மனசில்லை. அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பால் பல்லுதானே டீச்சர், விழுந்து முளைச்சிடும்." இதில் ஒரு பொறி இருக்கிறது, எனக்கே அந்த வண்டி டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஆறு வயதில் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால் பல்லும் விழாது, பின்னால் காலியாக இருக்கும் இடத்தில் சத்தம் போடாமல் வந்து நிற்கும். எல்லாரும் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். மூன்றாம் வகுப்பு வருவதற்குள் அதில் கருப்புப் புள்ளி.

கீழக்காற்று, உங்கள் அம்மாவுக்கு வலிப்பதுகூட அந்தப் பல்லாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.


கொறடு | செவ்வாய், மாலை 6.10

டீச்சர், உங்களை என் வாத்தியாராக ஏற்றுக்கொள்கிறேன். அனேகமாக அதே பல்தான்.


மார்க்கம்_ரோட் | புதன், அதிகாலை 4.20

கனடாவில் ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். டீச்சர் சொன்னதைப் பார்க்க ஒரு ஞாபகம் வந்தது. எங்கட பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கென்று பல் கிளினிக் ஒன்று இருந்தது. அங்கே டொக்டர் இல்லை, கொழும்புப் பக்கம் மகரகமவில் இதற்கென்றே பயிற்சி எடுத்த ஒரு அக்கா. சின்னச் சொத்தைகளை அவவே அடைப்பா, பால் பல் கழட்டுவா. நியூஸிலாந்தில் 1921இல் தொடங்கின முறை என்று பிறகு வாசித்து அறிந்தேன். வகுப்பு வகுப்பாகக் கூட்டிக்கொண்டு போவார்கள், சீட்டெல்லாம் இல்லை, பேர் கூப்பிட்டால் போய்க் கதிரையில் ஏற வேண்டியதுதான். நான் மதில் ஏறிப் பாய்ந்து ஓடியிருக்கிறேன். இரண்டு பேரை அனுப்பிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

கனடாவில் எல்லாம் இலவசம் என்று ஊரில் நினைக்கிறார்கள். இதயத்தைத் திறந்து ஒப்பரேஷன் செய்தாலும் ஒரு சதம் இல்லை, உண்மை. ஆனால் பல் அதற்குள் இல்லை. 1984ஆம் ஆண்டுக் கனடா சுகாதாரச் சட்டத்தில் பல் பற்றி வருவது, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டிய பல், தாடை அறுவைச் சிகிச்சை மட்டும். கொறடு டொக்டர் மேலே எழுதினதை வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கட காப்பீட்டு அட்டையிலும் அதே கோடுதான் கீறியிருக்கிறார்கள்.

இங்கே அந்தக் கோடு பெரிதாக அசைந்தது 2023 டிசம்பரில்தான். மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டம். முதலில் 87 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், நாங்கள் வீட்டில் பகிடி பண்ணினோம், 87இல் ஆருக்கு ஐயா பல் இருக்கு என்று. 2024 மே மாதம் வைத்தியம் தொடங்கினது, பிறகு படிப்படியாக வயது இறக்கி 2025இல் எல்லா வயதுக்கும் வந்தது. வேலை வழியாகவோ வேறு வழியாகவோ பல் காப்புறுதி இருக்கக்கூடாது, குடும்ப வருமானம் வருடம் 90,000 டொலருக்குள் இருக்க வேண்டும். 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டணத்தில் எங்கட பங்கு இல்லை. ஆனால் அரசு வைத்த கட்டணத்துக்கு மேல் டொக்டர் கேட்டால் அந்த வித்தியாசத்தைக் கையால் கட்ட வேணும். மாமாவுக்கு, அவருக்கு 79, இரண்டு பல் கழட்டி ஒரு பகுதிப் பொய்ப்பல் போட்டோம். வரவேற்பில் இருந்த பிள்ளையிடம் முதலே "மேலதிகமாக எவ்வளவு" என்று எழுதி வாங்கினேன். வாங்காமல் விட்ட எங்கட பக்கத்து வீட்டுக்காரர் பில்லைப் பார்த்து இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்.


வேப்பங்குச்சி | புதன், காலை 8.00

கனடா கதை எதற்கு இங்கே? அங்கே வரியும் அப்படி, சனமும் குறைவு.


மார்க்கம்_ரோட் | புதன், காலை 8.25

அதைத்தான் சொல்கிறேன் தம்பி. அவ்வளவு வரி எடுக்கிற நாடே பல்லை வெளியே விட்டு வைத்திருந்தது. காசு இல்லாததால் மட்டும் விட்டதில்லை.


கொறடு | புதன், காலை 9.10

இதில் நான் மார்க்கம் ரோட் அண்ணன் பக்கம். வாய் உடம்பில் சேராத மாதிரி ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். கீழக்காற்றின் அம்மாவுக்கு வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை போகிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். நான் இருந்த நிலையத்தில் சர்க்கரை நோயாளிகள் வரிசை என் அறை வாசலைத் தாண்டித்தான் போகும். ஒரு பெரியவர் வாராவாரம் அந்த வழியில் போவார், கையில் நோட்டு. ஒரு நாள் நானே கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன், முன்பல் நான்கும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. "அந்த டாக்டர் கேட்கலையே, நீங்களும் கூப்பிடலையே" என்றார்.

டாக்டர் பஞ்சம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். என்னோடு படித்தவர்களில் ஒருவன் மருந்துக் கம்பெனி பிரதிநிதி, ஒருத்தி வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். தனியார் கல்லூரிகள் வருஷா வருஷம் டாக்டர்களை வெளியே தள்ளுகின்றன, அரசுப் பணியிடம் விரல் விட்டு எண்ணும்படி, அதிலும் பல ஒப்பந்தம்.

அந்தத் தனியார் கல்லூரிகளால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, இதை யாரும் வெளியே சொல்வதில்லை. மாணவர்கள் தேர்வுக்கு முன் இத்தனை பல் செட், இத்தனை ரூட் கெனால் முடித்திருக்க வேண்டும். அவர்களுக்கு "கேஸ்" வேண்டும். அதனால் கட்டணம் வெளியைவிட மிகக் குறைவு, சில கல்லூரிகள் ஊருக்கே வண்டி அனுப்பும். நான் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு பாட்டிக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் என் கைக்காசு, பாட்டி மூன்றாவது தடவை வராவிட்டால் என் கேஸ் போச்சு. பாட்டிக்கும் அது தெரியும், பிரியாணி கேட்டார். வாத்தியார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டமும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அதனால் வேலை மோசமாக இருக்காது. நேரம்தான் இழுக்கும், நான் அரை மணியில் செய்வதற்கு அவர்களுக்கு அரை நாள்.


பழைய_உறுப்பினர் | புதன், இரவு 8.45

கம்ப்ரஸர் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரு பக்க மனு போதும். "பல் மருத்துவ வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அது எங்கேயும் போகாது. "இந்த நிலையத்தில் பல் சிகிச்சை நாற்காலியின் கம்ப்ரஸர் இன்ன மாதத்திலிருந்து பழுது, சரிசெய்து தரவும்" என்று ஒரே ஒரு பொருளைக் கேளுங்கள். ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.


கீழக்காற்று | 18 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

எல்லாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். காலை ஐந்தரை பஸ். ஏழேகாலுக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றோம், ஒன்பதே முக்காலுக்குப் பல் பிரிவில் கூப்பிட்டார்கள். நகம் அளவுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். பயிற்சி டாக்டர் பையன், ரொம்ப இளைஞன், அம்மாவிடம் படத்தைக் காட்டி, "பாருங்கம்மா, வேர் நல்லா இருக்கு, இந்தக் கருப்புதான் பிரச்சினை" என்றான். யாரும் இதுவரை அவருக்கு அவர் பல்லைக் காட்டியதில்லை. வாயைத் திறந்தபடியே எட்டி எட்டிப் பார்த்தார். சர்க்கரையையும் அங்கேயே பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டார்கள். திறந்து மருந்து வைத்து மூடிவிட்டார்கள். காசு எதுவும் வாங்கவில்லை. அன்று ராத்திரி பாயில் படுத்துத் தூங்கினார்.

கேப் அங்கே இல்லையாம். மூன்றாவது தடவை முடிந்ததும் வெளியில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். கொறடு டாக்டர் சொன்ன கல்லூரி வழியைத்தான் பார்க்க வேண்டும். இதுவரை செலவு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 310 ரூபாய், இரண்டு பேர் ஒரு நாள் கூலி தனி. அடுத்த தேதி 14. அன்றைக்கு எங்கள் கடையில் ஸ்டாக் எடுக்கும் நாள், லீவு கிடைக்குமா தெரியவில்லை. கிடைக்காவிட்டால் தம்பி பொண்டாட்டி கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். வலி போய்விட்டதால் அம்மா இப்போதே "எதுக்கு இன்னொரு தடவை" என்று ஆரம்பித்துவிட்டார். டாக்டர், நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், வேர்க்கடலை கடித்துப் பிளக்கும் என்ற இடத்தில் கொஞ்சம் பயந்தார்.

மனுவும் கொடுத்தேன். ரசீது எண் வந்தது. அடுத்த வாரம் ஒருவர் வந்து கம்ப்ரஸரைப் பார்த்து, படம் எடுத்து, அளவு குறித்துக்கொண்டு போனாராம். போன வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதே நிலையத்துக்குக் கடைவாய்ப் பல் வலி என்று போனார். பச்சைத் துணி அப்படியேதான் இருக்கிறது என்றார், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே.


கொறடு | ஞாயிறு, இரவு 9.50

14ஆம் தேதி வரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அடைப்பு உதிர்ந்தால் பஞ்சு கிஞ்சு வைக்காமல் தேதிக்குக் காத்திருக்காமல் போகலாம், சீட்டைக் காட்டினால் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்று எச்சில் துப்பக் கூடாது, கொப்பளிக்கவும் கூடாது என்று யாராவது சொன்னார்களா?


கீழக்காற்று | ஞாயிறு, இரவு 9.58

வெள்ளிக்கிழமையே பிடுங்கியாச்சு டாக்டர். அன்றைக்கே துப்பிக்கொண்டுதான் இருந்தார். இப்போது பரவாயில்லை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.